நடுவில் ஒன்று காணோம்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். எங்கள் டியூஷனிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்ஸ்பெக்டர்" என்போம். கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ராயபுரத்தில் ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் அந்த டியூஷன் நடந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். அப்போது ஒவ்வொரு சட்டப் பள்ளியும் தனித்தனியாக நுழைவுத் தேர்வு வைத்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பயிற்சி தர வேறு ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. இளம் வக்கீல் ஒருவர் கோர்ட்டிலிருந்து வந்து, கறுப்புக் கோட்டை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு எங்களுக்குப் பாடம் எடுப்பார். கீழே மிஷின் ஓட ஆரம்பித்தால் பெஞ்சு அதிரும், எழுத்து கோணும்.

அவளை நான் முதலில் கவனித்தது ஒரு கேள்வியின்போது. தர்க்கப் பகுதியில் ஒரு வகை உண்டு. ஒரு வாதத்தைக் கொடுத்து, கீழே நான்கு வாக்கியங்கள் கொடுத்து, இவற்றில் எது அந்த வாதத்தை வலுப்படுத்துகிறது என்று கேட்பார்கள். ஸ்ட்ரெந்தன் கொஸ்டின் என்று சார் சொல்வார். அன்றைக்கு வந்தது இது: ஒரு ஊரில் தெருவிளக்குகள் போட்டார்கள். அதன்பிறகு திருட்டு குறைந்தது. ஆகவே விளக்குகளால்தான் திருட்டு குறைந்தது. இதை எது வலுப்படுத்தும்? விளக்குகள் உயர்ந்த தரமானவை. ஊர் மக்கள் விளக்குகளை வரவேற்றார்கள். அந்தக் காலத்தில் அங்கே போலீஸ் ரோந்து கூட்டப்படவில்லை. பக்கத்து ஊரிலும் விளக்கு போடத் திட்டம் இருக்கிறது.

நாங்கள் எல்லோரும் தரமான விளக்குக்குக் கை தூக்கினோம். நல்ல விளக்கு என்றால் நல்ல வெளிச்சம்தானே. அவள் மட்டும் மூன்றாவதைச் சொன்னாள்.

"ரோந்து கூட்டலைங்கறதுக்கும் விளக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சார் தெரியாதவர்போலக் கேட்டார்.

"நான் மொதல்ல இத்த நம்பல சார். எல்லாம் கரெக்டுதான், ஆனா நடுவுல ஒண்ணு காணோமே. வெளக்கு போட்ட அதே நேரம் போலீசும் சுத்திக்கினு இருந்தா? திருட்டு அதனால கொறைஞ்சிருக்கலாம்ல? அந்த டவுட்ட எது அடைக்குதோ, அதான் ஆன்சரு."

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. வாதத்தை வலுப்படுத்தணும்னா அதை முதல்ல சந்தேகப்படத் தெரியணும்."

அந்த வகைக் கேள்வியில் அதன்பிறகும் அவள் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் அவளுக்கு எங்களைவிடச் சுமார்தான். அட்டை கிழிந்த தடி அகராதி ஒன்றைப் பையில் வைத்திருப்பாள். பத்தியைப் படிக்கவே நேரம் எடுக்கும். படித்து முடித்த பிறகு நேரமே எடுக்காது.

ஒல்லியான உடம்பு. இறுக்கிப் பின்னிய சடை, அதில் பூ வைத்து நான் பார்த்ததில்லை. பையை முதுகில் போடாமல் முன்பக்கம் அணைத்துக்கொள்வாள். செருப்பைக் கழற்றும்போது திருப்பி, முனை வாசலைப் பார்க்கும்படி விடுவாள். "என்னடி இது?" என்று கேட்டேன். "போறப்ப ஈஸியா இருக்கும்" என்றாள்.

எங்கள் வீட்டுக்கு மீன் வாங்கக் காசிமேட்டுக்கு ஒருமுறை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு அம்மா கூடையில் நண்டு வைத்திருந்தாள். கால்களைக் கட்டிப் போட்டிருந்தும் நண்டுகள் அசைந்துகொண்டிருந்தன.

"காலைல வந்த சரக்கு கண்ணு. தோ பாரு, எல்லாம் உயிரோட கீது" என்றாள் அந்த அம்மா.

"உயிரோட கீது, சரி. நண்டு கரையில ரெண்டு நாள்கூட உயிரோட கெடக்கும். உயிரோட கீதுன்னா காலைல வந்ததுன்னு ஆவுமா?" என்றாள் இவள்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாமே உன்னோட பேஜாரு? நண்டு வாங்க வந்தியா, நண்டுக்கு ஜாமீன் எடுக்க வந்தியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் சிரிக்கவில்லை. "எந்த போட்டுல வந்துச்சுக்கா?" என்று கேட்டாள். அந்த அம்மா தூரத்தில் ஒரு படகைக் கை காட்டினாள். இவள் விறுவிறுவென்று அங்கே நடந்து போய், படகில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். வந்து, "வாங்கு, நல்ல நண்டு" என்றாள். அந்த அம்மாவிடமும், "கோச்சுக்காதக்கா, நீ சொன்னது நெசம்தான்" என்றாள். அந்த அம்மா ஒரு நண்டைக் கூடுதலாகப் போட்டாள்.

அவள் சந்தேகப்படுவது வாங்குவதற்காகத்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. என் அப்பாவின் சந்தேகம் வேறு தினுசு.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மிளகாய், புளி மொத்தக் கடை வைத்தவர். கடை கீழே, வீடு பின்னால், குடோன் மாடியில். அந்தக் குடோனில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய மேஜையைப் போட்டு நாங்கள் இருவரும் படிப்போம். டியூஷன் இல்லாத நாட்களில் காலையிலேயே வந்துவிடுவாள். முதல் வாரம் தும்மித் தும்மியே பாதிப் பத்தி போனது. பிறகு பழகிவிட்டது. அவள் எப்போதும் மாடிப்படி தெரிகிற நாற்காலியில்தான் உட்காருவாள். ஒருநாள் நான் அதில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவளுக்குப் படிப்பே ஓடவில்லை. எழுந்து இடத்தை மாற்றிக்கொண்டோம்.

"எட்டி எஸ்தர்" என்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ள எந்த ஊர்க்காரி? முந்தாநா கேட்டேன், கொருக்குப்பேட்டைன்னா. இன்னைக்கு கேக்கேன், தண்டையார்பேட்டைங்கா. தன் வீடு எங்கன இருக்குன்னு ஒருத்திக்குத் தெரியாமலா போவும்?"

"வீடு மாத்தியிருப்பாங்கப்பா."

"ரெண்டு நாளுக்குள்ளயா? அது யாருக்கும் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கு. எனக்கு என்னமோ சரியாப் படல. நீ பாத்துப் பழகு."

அவருக்கு நான் பதில் சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள்ளும் அது இருந்தது. ஊரில் உள்ளவர்கள் எல்லோரிடமும் ஆதாரம் கேட்கிறவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அம்மாவோடு இருக்கிறாள், அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறாள் என்பது மட்டும் தெரியும். எண்ணூர் என்று போர்டு போட்ட பஸ்ஸில் ஏறமாட்டாள். அந்த பஸ் திருவொற்றியூர் வழியாகத்தான் போகும், எங்கள் கடைக்கு நடக்கிற தூரத்தில் நிற்கும். இருந்தும் திருவொற்றியூரோடு நின்றுவிடுகிற பஸ்ஸுக்காக வெயிலில் காத்திருப்பாள். டியூஷன்காரர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனோம். அவள் வரவில்லை. சார் அடுத்த வருஷத்து நோட்டீஸில் போடுவதற்காக எங்களைப் படம் எடுத்தபோது தண்ணீர் குடிக்கப் போனவள் கேமரா பைக்குள் போகும்வரை திரும்பவில்லை.

மழை பெய்த ஒரு நாள், ஈரக் காலோடு குடோனுக்கு வந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் ஒரு வளையம்போல் தோல் வெளுத்திருப்பதைப் பார்த்தேன். நெடுநாள் மெட்டி கிடந்த இடம். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, "எந்தப் பக்கத்துல விட்டோம்?" என்று கேட்டாள். நான் பக்கத்தைச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு முழுக்க மனசு படிப்பில் இல்லை. இவள் யார், எதற்கு என் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றே ஓடியது. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்றுக்குள் எங்களை இழுத்துவிடுவாளோ என்றும் ஓடியது.

கொஞ்ச நாளில் கடை டெலிபோனுக்கு ஊமை அழைப்புகள் வர ஆரம்பித்தன. அப்பா எடுத்து "அலோ, அலோ" என்பார். எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். வைத்துவிடுவார்கள். அப்பா என்னைத்தான் முறைத்தார். "யாருட்டி அது? நான் எடுத்தா பேச மாட்டேங்கான்." நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. இதை அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் மாறியது. "எப்பலேர்ந்து வருது?" என்று கேட்டாள். அடுத்த நாளிலிருந்து பின் சந்து வழியாக வந்து, கொல்லைப்புறமாகவே மாடிக்கு ஏறினாள். ஏன் என்று கேட்டதற்கு, "மெயின் ரோட்ல லாரி தூசு" என்றாள். திருவொற்றியூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஓடாத நாள் எது? அந்தத் தூசு அவளுக்குப் புதிதாக என்ன செய்தது?

அந்தச் சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான் வந்தாள். வரும்போது டப்பாவில் அடை கொண்டுவந்தாள். "எங்கம்மா உனுக்குன்னு சுட்டுச்சு. சூடா கீது, துன்னு" என்றாள். தின்றோம். ஒரு பத்தியைப் பிரித்து வைத்துவிட்டு, நான் டீ எடுத்து வரக் கீழே இறங்கினேன்.

கல்லாவுக்கு எதிரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முப்பதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கையில் ஆப்பிளும் ரொட்டியும் வைத்த பை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கை. அவள் பெயரைச் சொல்லி, தான் அவளுடைய அண்ணன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துக்கீது அண்ணாச்சி. மூச்சு வாங்குது. பொண்ணப் பாக்கணும்னு ஒரே அழுகை. இங்கதான் படிக்க வருதுன்னு டியூஷன்ல சொன்னாங்க. வூடு எங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா நானே போய் இட்டுனு போயிடுவேன்."

கடைசியில் குரல் தழுதழுத்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

அப்பாவுக்குத் தன் அம்மாவைக் கடைசியில் பார்க்க முடியாமல் போன வருத்தம் உண்டு. மனசு இளகிவிட்டது. "அடப் பாவமே" என்று எழுந்துவிட்டார். என்னைப் பார்த்து, "எட்டி, அந்தப் பிள்ள..." என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். ஏன் அந்தக் கேள்வி வாயில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. "அம்மாவுக்கு எப்பலேர்ந்து சார் முடியலை?"

"முந்தாநாத்துலேர்ந்தும்மா. அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரிலதான் கீது. கண்ணே தொறக்கல."

காலையில் அவள் அம்மா சுட்ட அடையின் எண்ணெய் என் விரலில் இன்னும் இருந்தது. அந்த விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"அவ இன்னிக்கு வரலைங்க" என்றேன்.

அவள் மாடியில் இருப்பது அப்பாவுக்குத் தெரியும். கொல்லை வழியாக அவள் வந்தபோது அப்பா அங்கேதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அந்த ஆளையும் பார்த்தார். அந்த ஆள் எங்கள் இருவரையும் பார்க்காமல், கடைக்குப் பின்னால் மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு, முனை வாசலைப் பார்த்தபடி கிடந்தது.

"அது யார் செருப்பு அண்ணாச்சி?" என்று கேட்டான். குரலில் இப்போது அழுகை இல்லை.

அப்பா மெதுவாக நடந்து போய், காலாலேயே அந்தச் செருப்பை ஓரமாகத் தள்ளினார். "எம் மகளுக்குள்ளது. கண்ட எடத்துல போட்டுட்டுத் திரிவா. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டா." திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். "அந்தப் பிள்ள வீடு எங்கன்னு எங்களுக்குத் தெரியாதுய்யா. ஒருநா கொருக்குப்பேட்டைங்கும், ஒருநா தண்டையார்பேட்டைங்கும். நானே எம் மக கிட்ட சொல்லிக்கிட்டுதான் இருந்தேன், இது சரியில்லன்னு."

வீட்டைப் பற்றிச் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, அப்பாவுக்குத் திக்கவே இல்லை.

அந்த ஆள் நகரவில்லை. ஒரு மூட்டையிலிருந்து மிளகாய் வற்றலை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நின்றான். மேலே ஒரு தும்மல் வந்தால் போதும். அப்பா லோடுமேனைக் கூப்பிட்டு, வாசலில் நின்ற வண்டியிலிருந்து சரக்கை இறக்கச் சொன்னார். மூட்டைகள் ஆளைச் சுற்றி விழ ஆரம்பித்தன. தூசி கிளம்பியது. அவன் இருமினான். "அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். தெருமுனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

மாடிக்கு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் துணியை எடுத்த பிறகுதான் தும்மினாள். நிறுத்த முடியாமல் தும்மினாள்.

"உங்க அண்ணன்னு சொல்றார்" என்றேன்.

"எனக்கு ஏதுடி அண்ணன்? அது கட்னவன்."

பிளஸ் டூ முடித்ததும் கட்டிவைத்திருக்கிறார்கள். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, குடிக்கமாட்டான், கோயிலுக்குப் போவான். மாப்பிள்ளையிடம் குறை சொல்ல ஏதும் இருக்கவில்லை. கல்யாணமான மறுவாரமே ஆரம்பித்துவிட்டதாம்.

"செருப்புல மண்ணு இருந்தா, எங்க போய்ட்டு வந்தேன்னு அடி. மண்ணு இல்லைன்னா, கழுவிட்டியான்னு அடி. அவன் முடிவ மொதல்ல எடுத்து வெச்சுக்குவான். காரணம் அப்பால தேடுவான்" என்றாள். "வேலைக்குப் போறப்ப வெளில பூட்டிட்டுப் போவான். ஒருநாள் பக்கத்துக் கம்பெனில கேஸ் கசிஞ்சிடுச்சு. அம்மோனியாவோ இன்னாவோ. ஊரே கண்ணக் கசக்கினு ஓடுது. ஜன்னல் வழியா பாக்கறேன். நான் உள்ள. கத்துனேன். எதிர்வூட்டு அக்கா புள்ளைங்கள தூக்கினு ஓடுனவ, திரும்பி வந்து அம்மிக்கல்லால பூட்ட ஒடச்சா. அப்டியே ஓடியாந்தவதான்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேனே. புருஷன் சந்தேகப்படறான்னா பாசம்னு அர்த்தமாம். ஸ்டேஷன்ல ஒரு அம்மா சொன்னாங்க. போயி அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு எழுதி வாங்கிக்கினாங்க. அதுலேர்ந்து மூணு வூடு மாத்திட்டோம். நானும் எங்கம்மாவும்."

அப்பா எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. படியில் நின்று கேட்டிருக்கிறார். அவளைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் மூட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் பேசினார். "தாய்க்கு முடியலன்னு வந்தவன் தாயப் பத்தி என்ன சொன்னான்? வீடு எங்க, வீடு எங்கன்னுதான கேட்டான்? எனக்கு அப்பமே லேசா உறுத்துச்சு." போகும்போது, "அந்தப் பிள்ளைக்கு மோர் குடு. கண்ணு எரியும்" என்றார்.

அன்றிலிருந்து அவள் டியூஷனுக்குப் போகவில்லை. சாரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாதிரித் தேர்வுத் தாள்களை என்னிடமே கொடுத்தனுப்பினார். அப்பா கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்.

தேர்வு நாள் வந்தபோது எங்களுக்கு ஒரே பயம்தான். டியூஷனைக் கண்டுபிடித்தவனுக்குத் தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? பஸ் வேண்டாம் என்றார் அப்பா. சரக்கு எடுக்கப் போவதாக என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடையின் மூன்று சக்கர டெம்போவில் எங்களைப் பின்னால் ஏற்றி, தார்ப்பாயை இழுத்து மூடினார். மூடிய தார்ப்பாய்க்குள் புளி வாசத்தோடு எழும்பூர்வரை போனோம். அவள் ஒரு கையால் அகராதியையும் மற்றக் கையால் என் முழங்கையையும் பிடித்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் உள்ளே போகும்வரை அப்பா நின்றார். தேர்வு முடிந்து வெளியே வந்தபோதும் அதே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டி, வருகிறவன் போகிறவனையெல்லாம் முறைத்துக்கொண்டு. காவலாளி வந்து "யாருய்யா நீ, சந்தேகமா நிக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். "கேக்கட்டும், அது அவன் வேல" என்றார் அப்பா.

திரும்பும்போதும் தார்ப்பாய்க்குள்தான் வந்தோம். தண்டையார்பேட்டை வந்த பிறகு அவள் கேட்டாள்.

"ஸ்ட்ரெந்தன்ல ஒரு கேள்வி வந்துச்சே, பாத்தியா? அந்த ஜில்லா?"

பார்த்திருந்தேன். ஒரு மாவட்டத்தில் கணவன்மார் மீது மனைவிகள் கொடுக்கும் புகார்கள் மிகக் குறைவு; ஆகவே அங்கே வீடுகளில் கொடுமை குறைவு. இந்த வாதத்தை எது வலுப்படுத்தும்? நான் அவசரத்தில் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு வந்திருந்தேன்.

"நீ என்ன போட்ட?"

"மொதல்ல பேப்பரையே கிழிச்சிடலாம்னு தோணுச்சு. நான் எழுதிக் குடுத்த கம்ப்ளைண்ட் எந்தக் கணக்குலயும் வந்திருக்காதே. அப்பறம் நாலு ஆப்ஷனையும் படிச்சேன். அங்க பொம்பளைங்க பயமில்லாம ஸ்டேஷனுக்குப் போவ முடியும், போனா எழுதிக்குவாங்கன்னு ஒண்ணு இருந்துச்சு. அத்தப் போட்டேன்." கொஞ்ச நேரம் தார்ப்பாயின் ஓட்டை வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நெசமா இருந்தா அந்த வாதம் நிக்கும். நெசமா இருந்தா."

எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. பி.காம். சேர்ந்தேன். அவளுக்குக் கிடைத்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் அம்மாவோடு வந்தாள். இருவர் கையிலும் துணி மூட்டைகள். வீட்டைக் காலி செய்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். அப்பா அவளுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருந்தார். வாங்கிக்கொண்டு அவர் காலைத் தொட வந்தவளை, "அதெல்லாம் எதுக்கு, ஒழுங்காப் படி" என்று தடுத்துவிட்டார்.

"எந்த காலேஜ்? எந்த ஊரு?" என்று நான் கேட்டேன். அவள் எழுதிய தேர்வுகள் மூன்று நான்கு. எதில் தேறினாள் என்று சொல்லியிருக்கவில்லை.

"சொல்லமாட்டேன்" என்றாள்.

"என்கிட்டயுமா?" எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் என்னை நம்பலையாடி?"

"உன்ன நம்பறேன்டி. உன்கிட்ட வந்து கேக்கப்போறவனத்தான் நம்பல." என் கன்னத்தைத் துடைத்தாள். "உனுக்குப் பொய் சொல்ல வராது எஸ்தரு. அன்னிக்கு நான் வரலைன்னு நீ சொன்னப்ப உன் கொரல் நடுங்குனது எனக்கு மேல கேட்டுச்சு."

அப்பா குறுக்கே பேசினார். "அவ சொல்றதுதான் சரி. கேக்காதட்டி."

கொல்லை வழியாகவே போனார்கள்.

அவன் அதன்பிறகு வந்தான். ஆடி மாதம், கடையில் கூட்டமில்லாத ஒரு மதியம். அப்பா சந்தைக்குப் போயிருந்தார், நான் கல்லாவில் இருந்தேன். இந்த முறை ஆப்பிள் இல்லை, அண்ணன் வேஷம் இல்லை. கல்லா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, "எங்க கீறா அவ?" என்று கேட்டான். லோடுமேன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. அவன் என் கண்ணையே உற்றுப் பார்த்தான். அவளை அவன் எத்தனை தடவை இப்படி நிறுத்தி வைத்துப் பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. நானும் பார்த்தேன். அவன் தேடிக்கொண்டே இருந்தான். பிறகு மேஜையிலிருந்து கையை எடுத்தான். நம்பிவிட்டான்.